பாட்டு அறாத வரை

யாழினி கோட்டைத் தாண்டிவிட்டாள். பாட்டு வருகிறது. கபடி கபடி கபடி, வருகிறது, கேட்கிறது, அப்பாடா, முருகா, இன்னும் கேட்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஏன்தான் இப்படி ஒரு கீச்சுக் குரலைக் கொடுத்தாயோ, ஆளைப் பார்த்தால் உலக்கை மாதிரி கை கால், வாயைத் திறந்தால் பல்லி கத்துகிற சத்தம். கொஞ்சம் கனத்த தொண்டையாக இருந்திருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும். நடுக்கோட்டின் நுனியில் வாயில் விசிலோடு நிற்கிறேன், அவள் போகிற பக்கமெல்லாம் என் தலையும் போகிறது. அம்பயர் என்றால் கண் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நினைக்கிறார்கள். கண் யாருக்குத்தான் இல்லை, தொட்டாளா பிடித்தார்களா என்பதை அந்த வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறவன்கூடச் சொல்லிவிடுவான். பாட்டு அறுந்ததா இல்லையா என்பதைத்தான் மரத்திலிருந்து சொல்ல முடியாது. எதிராளி களத்துக்குள் கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போகிறவள் ஒரு கண நேரம் நிறுத்தினாலும் அவுட், அந்த ஒரு கணத்தைக் கேட்பதற்குத்தான் அம்பயருக்குச் சோறு போட்டுக் கூட்டிவருகிறார்கள். இதோ யாழினி யாரையும் தொடாமல் திரும்பிவிட்டாள், கோட்டை மிதித்தாள், பாட்டு நின்றது. நின்றதும் எனக்குக் கேட்டது. சத்தம் கேட்பது ஒரு பெரிய காரியமா, நின்றது கேட்க வேண்டும், அதுதான் காரியம். விசிலைக் கடித்துக் கடித்துப் பல் கூசுகிறது.

நடுவே ரெஃப்ரியாக நிற்கிற தனுஷ்கோடி என்னைப் பார்க்கிறான். பார்க்கட்டும். காலையிலிருந்து ஆட்டத்தைப் பார்ப்பதைவிட என்னைப் பார்ப்பதுதான் அவனுக்கு அதிகம். மாவட்டத்தில் எந்த மேட்சுக்கு எந்த அம்பயர் என்று போடுகிறவன் அவன்தான், ஐம்பது வயது ஆள், தொப்பை என்னுடைய பழைய தொப்பையைவிடப் பெரிது. காலையில் மைதானத்துக்குள் நான் காலை வைத்ததுமே வந்துவிட்டான். "டீச்சர், வெயிலு கொல்லுது. நீங்க ஸ்கோர் டேபிள்ல உக்காந்துக்கங்களேன், ஃபேன் வச்சிருக்கோம்" என்றான். "எனக்கு எதுக்குப்பா ஃபேனு? ரிட்டயர்டு ஆனது ஸ்கூல்லருந்து, கோட்டுலருந்து இல்ல." "இல்ல டீச்சர், அது வந்து, காது..." என்று ஆரம்பித்துவிட்டு மீதியை விழுங்கினான். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்த மெஷினை அவன் பார்த்துவிட்டான், நானும் மறைக்கவில்லை, கம்மல் போட்டால் மறைக்கிறோமா. கடைசியில் இறங்கிவந்தான். "சரி, லேடீஸ் ஃபைனல் ஒண்ணு நில்லுங்க. இதுல ஏதாச்சும் பிரச்சனை ஆச்சுன்னா அதோட டேபிள்தான் டீச்சர், என்னையத் தப்பா நினைக்கக் கூடாது." தப்பாக நினைக்கவில்லை, கெட்ட வார்த்தையாகவே நினைத்தேன். ஆனால் தலையாட்டினேன். ஏனென்றால் எனக்கு இது வேண்டும். கேவலமாக இருந்தாலும் சொல்லிக்கொள்கிறேன், யாருக்குக் கேட்கப்போகிறது, இந்தக் கோடு எனக்குச் சோற்றைவிட வேண்டும். முழங்கால் போய் ஆட்டம் போனபோது இந்தக் கோடுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. பவளம் டீச்சர் விசில் என்றால் பக்கத்து மாவட்டத்திலும் வாதாட மாட்டார்கள். மேசையில் உட்கார்ந்து பாயின்ட் எழுதுகிற பவளக்கொடியை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன், அது கல்யாண வீட்டு வாசலில் மொய் எழுத உட்கார்ந்த மாதிரி, பந்தி எங்கேயோ நடக்கும்.

இப்போது அந்தப் பக்கத்துப் பெண் பாடிக்கொண்டு வருகிறாள், பிளெஸ்ஸி, அந்த டீமின் கேப்டன். இவள் குரல் தவுல், கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். கனத்த குரல் எப்போதும் எனக்குப் போனதில்லை. போனது மெல்லிய குரல்தான், அதிலும் முதலில் போனது 'க'. சின்னப் பெண்கள் பாடும்போது கபடி என்பது அஅஇ அஅஇ என்று வந்தது, எழுத்தெல்லாம் உதிர்ந்து வெறும் காற்று. மைதானத்தில் தூசி, பிள்ளைகள் இப்போதெல்லாம் ஒழுங்காகப் பாடுவதில்லை, மைக் செட்காரன் சத்தம் அதிகம் வைக்கிறான், இப்படி ஊர் மேலெல்லாம் பழியைப் போட்டேன். பிறகு நானே அறியாமல் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தேன், உதடு தெரியாதபோது தொண்டைக்குழியைப் பார்த்தேன், பாடுகிறவளுக்குத் தொண்டைக்குழி கிடந்து துடிக்கும். அதிலேயே இரண்டு சீசன் ஓட்டிவிட்டேன், ஒருத்தனுக்கும் தெரியாது, எனக்கே பாதிதான் தெரியும். அப்புறம் ஒரு நாள் ஒரு பெண் மூலைக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதுகு பாடவில்லை. அவள் பாடினாளா, இன்றைக்கு வரை தெரியாது. அவள் திரும்பி வந்து கோட்டைத் தொட்டாள், எல்லோரும் கை தட்டினார்கள், நான் மட்டும் வாயில் விசிலோடு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குத்தான் சேதுராமுவிடம் சொன்னேன், சேதுராமு என் வீட்டுக்காரர், பால் சொசைட்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏங்க, எனக்குக் காது போச்சுங்க." அவர் பேப்பரை மடித்துவிட்டு, "அது போயி ரெண்டு வருசம் ஆச்சே, சொன்னா என்னையக் கடிச்சுத் துப்பிருவியேன்னு சும்மா இருந்தேன்" என்றார்.

பிளெஸ்ஸி திரும்பிவிட்டாள், ஒரு பாயின்ட் எடுத்துவிட்டாள், அவர்கள் பக்கம் கொட்டு அடிக்கிறான். அடேயப்பா, இந்தக் கொட்டுச் சத்தம் மெஷின் வழியாக மண்டைக்குள் நேராக இறங்குகிறது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை உட்காரவைத்த அன்று எவ்வளவு நிசப்தம். காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்று வெளியே போய் உட்கார்ந்தாள் ஒரு பெண். நான் தோற்கப் பிறந்தவளா? அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் தலையை நீட்டி, "அம்மா, நான் இன்னும் சத்தமே குடுக்கலையே, எதுக்கு அமுக்குறீங்க?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்கு ரெட் கார்டு காட்டியிருப்பேன். ஆனால் உள்ளுக்குள் பயம், ஏனென்றால் நான் பொய்யாக அமுக்கவில்லை, எனக்கு நிஜமாகவே கேட்டது. கேட்க வேண்டும் என்கிற ஆசை இருந்தால் இல்லாத சத்தமும் கேட்கும் போலிருக்கிறது. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது, இந்தக் கோட்டில் நிற்கும்போதும் இருக்கிறது.

அப்புறம் அந்த டாக்டர், ஷாஹிதா, என் மகள் வயதுகூட இருக்காது, ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சுகர் எவ்வளவும்மா இருக்கு?" என்றாள். "நான் காதுக்கு வந்திருக்கேன்." "நானும் காதுக்குத்தான் கேக்குறேன்." எனக்குச் சுகரெல்லாம் கிடையாது, நான் ஸ்போர்ட்ஸ்காரி என்று சொன்னேன், அவள் என் இடுப்பைப் பார்த்தாள், நானும் குனிந்து பார்த்தேன், கால் விரல் தெரியவில்லை. ரத்தம் எடுக்க அனுப்பினாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, எல்லாம் போர்டு நிறைய ஸ்கோர், எல்லாம் எதிராளிக்கு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாளே இந்தப் பெண் என்று நினைத்துக்கொண்டுதான் எதிரே உட்கார்ந்தேன். "உள்காதுல நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கும்மா" என்றாள். "அதுக்குள்ள ரொம்ப சன்னமா மயிர் மாதிரி இருக்கிறதுதான் சத்தத்தை வாங்குது. அதுக்குச் சோறு கொண்டுபோற ரத்தக்குழாய் நூலு மாதிரி, அந்த ஒண்ணுதான், வேற வழி கிடையாது. சர்க்கரையும் கொழுப்பும் ஏறுனா பெரிய குழாயே கெட்டுப்போகுது, நூலு என்ன ஆகும் சொல்லுங்க. கண்ணு போகும், கிட்னி போகும், கால்ல புண்ணு வரும்னு எல்லாரும் பயப்படுறாங்க. காதை யாரும் கணக்குலயே சேக்கறதில்ல." அப்படியானால் சர்க்கரையால்தான் என் காது போனதா என்று கேட்டேன், ஒரு குற்றவாளி கிடைத்தால் போதும் என்று இருந்தது. அவள் அதையும் கொடுக்கவில்லை. "அப்படி அடிச்சுச் சொல்ல மாட்டேன். வயசும் இருக்கு. வருசக்கணக்கா நீங்க ஊதுன விசிலும் இருக்கு. ஆனா வயசைக் குறைக்க என்கிட்ட மருந்து இல்ல, ஊதுன விசில திருப்பி உறிஞ்சவும் முடியாது. சர்க்கரையில கை வைக்கலாம்." "வச்சா காது திரும்பி வந்துருமா?" "போனது வராதும்மா. இருக்கிறத நிறுத்திவைக்கப் பாக்கலாம். அதுக்கும் கேரண்டி குடுக்க மாட்டேன்." கேரண்டி இல்லாத டாக்டர். ஜவுளிக் கடையில்கூடச் சாயம் போகாது என்று வாய் கூசாமல் சொல்வார்கள், இவளுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் நம்பினேன் என்று இப்போது தோன்றுகிறது.

யாழினி டீம் ஒரு பாயின்ட் எடுத்தது. சமம். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், கயிற்றுக்கு வெளியே சேதுராமுவின் வெள்ளைத் தொப்பி தெரிகிறது. கை கால் ஓடாது அவருக்கு, என்னைவிட அவருக்குத்தான் படபடப்பு. பாவம், என்னோடு சேர்ந்து அவரும் வாயைக் கட்டினார். எங்கள் வர்க்கம் செய்கிற முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது, ஆடி முடித்தவர்கள் எல்லோரும் செய்வது, நானும் செய்தேன்: ஆட்டத்தை விட்டோம், தட்டை விடவில்லை. காலையில் அஞ்சு மைல் ஓடிவிட்டு வந்து சாப்பிடுகிற தட்டு அது, கேம்ப்பில் கோச் பக்கத்தில் நின்று இன்னும் போடு இன்னும் போடு என்று நிரப்பிய தட்டு. முழங்கால் போனது, ஓட்டம் போனது, தட்டு மட்டும் அப்படியே நின்றது. மலை மாதிரி சோறு, மேலே குழம்பு, நாலு முட்டை, சாயங்காலம் ஜிலேபி, கேட்டால் ஸ்போர்ட்ஸ் உடம்பு. என் பழைய டீமில் ஒருத்தி விடாமல் போன் போட்டுக் கேட்டேன், பாதிக்கு மேல் சர்க்கரை, அவர்களும் ஸ்போர்ட்ஸ் உடம்புதான். அன்றைக்கு ராத்திரி அந்தத் தட்டைப் பரணில் தூக்கிப்போட்டேன். சின்னத் தட்டு, பாதி காய், பயறு, அளந்த சோறு. டீயில் சர்க்கரை இல்லை. முதல் வாரம் சேதுராமு டம்ளரைப் பார்த்து, "இதுக்கு நான் கொல்லைக் குழாயிலயே வாய வச்சுக் குடிச்சிருப்பேன்" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் போட்டேன். விடிகாலையில் இதே மைதானத்தைச் சுற்றினேன், முழங்கால் அழுதது, அழட்டும் என்று விட்டேன். நான் பிள்ளைகளை ஓட்டின ஓட்டத்துக்கு எத்தனை பேர் அழுதிருப்பார்கள்.

ஆனால் உடம்பை இறக்குவது ஒரு ஆட்டம், மெஷினோடு கேட்கப் பழகுவது இன்னொரு ஆட்டம். மெஷின் வந்த அன்று வீட்டில் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மின்விசிறி கடகட, பாத்திரம் கணீர், சேதுராமு பேப்பர் புரட்டினால் மரம் முறிகிற சத்தம். எல்லாம் ஒரே உயரத்தில் வந்து நின்றன, எது வேண்டும் எது வேண்டாம் என்று மெஷினுக்குத் தெரியாது, நான்தான் பொறுக்க வேண்டும். அதற்குச் சேதுராமு கண்டுபிடித்த வழிதான் தெருவே சிரித்த வழி. மிக்ஸியைப் போட்டுவிடுவார், டி.வி.யை அலறவிடுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன், அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் கபடி கபடி என்று பாடுவார். எப்போது நிறுத்துகிறாரோ அப்போது நான் கையைத் தூக்க வேண்டும். அவருக்கு மூச்சு பத்தாது, நடுவில் இருமல், அதிலும் ஏமாற்றுவார் மனுஷன், நிறுத்திவிட்டு நான் கையைத் தூக்காமல் நிற்பதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். எதிர்வீட்டு மரகதம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏக்கா, அண்ணனுக்கு என்னாச்சு, நல்லாத்தான இருந்தாரு" என்று கண் கலங்கினாள். "நல்லாத்தான் இருக்காரு, எனக்காகப் பாடுறாரு" என்றேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, கல்யாணமான புதிதில்கூட அந்த மனுஷன் எனக்காகப் பாடியதில்லை. அந்தப் பாட்டில்தான் ஒன்று கற்றேன். அவர் நிறுத்திய பிறகும் என் மனசு கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருக்கும், கூண்டுக்குள் இல்லாத சத்தத்துக்குப் பொத்தானை அமுக்கின அதே மனசு. முதலில் வித்தியாசம் தெரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. மனசு பாடுகிற பாட்டு ஒரே சீராகப் போகும், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. மனுஷன் பாடுகிற பாட்டு தடுக்கும், எச்சில் விழுங்கும், பிசிறு தட்டும். தடுக்கினால் அது நிஜம்.

ஒரு வருடம் கழித்து அதே கூண்டு, அதே பெண், அதே பொத்தான். இந்தத் தடவை கேட்டதற்கு மட்டும் அமுக்கினேன், கேட்காததற்குக் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன், சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு குடித்தனம் நடத்துகிறவருக்குத்தான் தெரியும். எனக்கு எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்ட பழைய படத்தையும் புதிய படத்தையும் ஷாஹிதா ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கோடு கோட்டின்மேல் உட்கார்ந்தது. "இறங்கலம்மா" என்றாள். ஏறவும் இல்லை. இறங்கவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை இறங்கிவிட்டது, கொழுப்பு இறங்கிவிட்டது, இடுப்பு இறங்கிவிட்டது, காது மட்டும் இறங்கவில்லை. "இது உங்க டயட்டால மட்டும்தான்னும் நான் சொல்ல மாட்டேன்" என்று வழக்கம்போல ஆரம்பித்தாள், நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். நீ சொல்லாதே தாயி, நான் சொல்லிக்கொள்கிறேன். வாழ்நாளெல்லாம் முன்னால் போவதுதான் ஜெயிப்பது என்று பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திச் சொன்னவள், நின்ற இடத்தில் நிற்பதற்கு ஒரு கோப்பை கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன், சேதுராமு முறுக்கு விற்கிறவனை முறைத்து அனுப்பினார்.

கடைசி ரெய்டு. யாழினி. கோட்டில் கையை வைத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள், பாட்டு ஆரம்பித்தது, கபடி கபடி, கேட்கிறது, கொட்டுக்காரன் வெறிபிடித்து அடிக்கிறான், மைக்கில் எவனோ ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்துகிறான், அத்தனைக்கும் அடியில் பல்லி மாதிரி அந்தக் குரல், கேட்கிறது. இடது மூலைக்குப் போகிறாள், முதுகு. முதுகு தெரிந்தால் என்ன, இப்போது முதுகும் பாடுகிறது. காலை வீசினாள், எட்டவில்லை, திரும்புவதற்குள் பிளெஸ்ஸி பாய்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டாள். நல்ல பிடி. விழுந்தாள், விழுந்தும் கோட்டுப் பக்கம்தான் விழுந்தாள், மேலே ஒருத்தி, அதற்கு மேலே ஒருத்தி, மூட்டை அடுக்கின மாதிரி ஏறிவிட்டார்கள், பிளெஸ்ஸி அடியில் அவள் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறாள், யாழினியின் முகம் மண்ணில், உதடு இல்லை, தொண்டைக்குழி இல்லை, வெளியே நீண்ட ஒரு கை மட்டும் புழுதியைப் பிறாண்டிக்கொண்டு கோட்டைத் தேடுகிறது. "பாட்டு இல்ல! விட்டுட்டா! மூச்ச விட்டுட்டா!" எதிர் டீம் முழுக்கக் கத்துகிறது, கூட்டம் கத்துகிறது, அந்தப் பக்கத்து அம்பயர் பையன் வினோத் கையைத் தூக்கிவிட்டான். நான் மண்டி போட்டுவிட்டேன். முழங்கால் தரையில் இடித்தது பிறகுதான் தெரிந்தது. கேள் பவளம். கொட்டு, அது வேண்டாம், தள்ளு. மைக், வேண்டாம். கத்தல், வேண்டாம். அடியில் என்ன இருக்கிறது? இருக்கிறது. படி படி படி. இருக்கிறதா, இல்லை நீயாகப் பாடிக்கொள்கிறாயா, இந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று உனக்கு ஆசையா, இல்லை உன் காது ஜெயிக்க வேண்டும் என்று ஆசையா, அன்றைக்கு அமுக்கின மாதிரி அமுக்கப்போகிறாயா? விசில் வாயில் இருக்கிறது. ஊதினால் அவுட், வம்பு இல்லை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், வினோத்தும் சொல்கிறான், ஒரு ஊது ஊதிவிட்டால் ஒரு பிரச்சனையும் வராது, நாளைக்கும் கோட்டில் நிற்கலாம். படி படி ப... டி படி. தடுக்கியது. மண்ணைத் துப்பியது. மறுபடி பிடித்துக்கொண்டது. தடுக்கியது! என் மனசுக்குத் தடுக்கத் தெரியாது, இது அவள், இது அவள்தான், ஊத மாட்டேன், ஊர் கூடி வந்தாலும் ஊத மாட்டேன். விரல் நுனி சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டது. வெள்ளை ஒட்டியது. அப்போது ஊதினேன். யாழினி பக்கம் கையைக் காட்டினேன்.

மைதானம் என் தலைமேல் இடிந்து விழுந்தது. கயிற்றைத் தாண்டி ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "செவிட்டு அம்பயர மாத்து!" என்று ஒருவன் கத்தினான், அதுவும் மெஷினில் சுத்தமாகக் கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக. தனுஷ்கோடி ஓடிவந்தான், முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், பாட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சார், என் பக்கம் ஒண்ணுமே கேக்கல சார்" என்றான் வினோத்.

தனுஷ்கோடி என் காதைப் பார்த்தான். முகத்தை அல்ல, காதை. "டீச்சர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தக் கூட்டத்துல... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன். "கடைசியில ஒரு தடவ மண்ணத் துப்புனா. துப்பிக்கிட்டே பாடுனா. கோட்டத் தொடுற வரைக்கும் நிக்கல."

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும், மறுபடி ரெய்டு போகச் சொல்லுவான், எல்லோருக்கும் நல்லவனாகப் போவான், சாயங்காலம் என்னை மேசையில் உட்காரவைப்பான். அவன் வாயைத் திறப்பதற்குள் குவியலுக்கு அடியிலிருந்து கடைசியாக எழுந்த பிளெஸ்ஸி, கன்னமெல்லாம் செம்மண், மூச்சு வாங்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"சார். பாடுனா."

"ஏய், வாய மூடுடி!" அவள் டீம்காரிதான்.

"பாடுனாடி. எங்காதுகிட்டதான் பாடுனா, நான் அமுக்கு அமுக்குன்னு அமுக்குறேன், விடவே இல்ல." பிளெஸ்ஸி அழுதுகொண்டே சொன்னாள், தோற்றுப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே சொன்னாள். "டீச்சர் சொல்றது கரெக்ட்டு சார்."

தனுஷ்கோடி கையைத் தூக்கிப் பாயின்டைக் காட்டினான். யாழினியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் பிளெஸ்ஸியின் தலையில் கையை வைத்தேன், மகராசி நல்லா இரு என்று மனசுக்குள் சொன்னேன். கேட்டுவிட்டேன். அத்தனை பெரிய மைதானத்தில், அத்தனை காதுகள் இருந்த இடத்தில், மண்ணுக்குள் புதைந்து கிடந்த பாட்டை இந்தக் கிழக்காதும் பிளாஸ்திரி போட்டு ஒட்டின மெஷினும் கேட்டுவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தம் போட்டே சிரித்தேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கயிற்றோரம் சேதுராமு தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு குதிக்கிறார், பி.பி. மாத்திரை போட்டாரோ இல்லையோ.

அடுத்த மேட்சுக்குப் பையன்கள் வந்து நிற்கிறார்கள். நான் குனிந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். தனுஷ்கோடி என் முதுகுப் பக்கமாக நடந்துபோனான். போகிற போக்கில், எனக்குக் கேட்காது என்கிற தைரியத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி மெதுவாக, "மன்னிச்சுக்கங்க டீச்சர்" என்றான்.

"கேட்டுச்சுப்பா" என்றேன் திரும்பாமல். "போயி மேட்ச ஆரம்பி. நான் கோட்டுல நிக்கிறேன்."